காசுக்குக் கணக்குக் காட்டலாம், பிள்ளையைக் காட்ட வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் மாணவர் உதவித்தொகைத் திட்டத்துக்கு இணையச் செயலி ஒன்றை இலவசமாகச் செய்து கொடுக்கிறேன். 60 பிள்ளைகள் உதவி பெறுகிறார்கள். காசு தருபவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊரவர்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், படம், தாயின் அடையாள அட்டை இலக்கம், குடும்ப நிலை எல்லாம் வலைத்தளத்தில் தெரிந்தால்தான் காசு சரியாகப் போகிறதென்று நம்புவோம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சொன்னால், "நீங்கள் கோட் எழுதுங்கோ பிள்ளை, முடிவை நாங்கள் எடுக்கிறம்" என்கிறார் செயலாளர். அவர் சொல்வது சரியா? இன்னொன்று: கோடில் பாதியை இப்போது செயற்கை நுண்ணறிவுதான் எழுதித் தருகிறது. இந்த வேலையில் என்னுடைய படைப்பாற்றல் என்று ஏதாவது மிஞ்சுகிறதா?
- வாசகி, வடமராட்சி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

செயலாளர் சொல்வதில் பாதி சரி. யாருக்கு உதவுவது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் சங்கத்தின் முடிவு. ஆனால் பதிவுப் படிவத்தில் எந்தெந்தக் கட்டம் இருக்கும், எது கட்டாயம், எது வெளிப்பக்கத்தில் தெரியும், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துப் போன பிறகும் அவளுடைய படம் எத்தனை வருடம் சேர்வரில் கிடக்கும் என்பதையெல்லாம் எந்தச் சங்கமும் கூட்டம் வைத்துத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் தட்டச்சுச் செய்கிற நேரத்தில் அவை தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே அந்தப் பங்குக்குப் பொறுப்பு உங்களுடையது. அதை வேறொருவர் தலையில் போட முடியாது.

நன்கொடையாளர்களையும் குறை சொல்லாதீர்கள். பனியில் வேலைக்குப் போய் உழைத்த காசு. அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அவர்கள் கேட்பதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: அப்படி ஒரு பிள்ளை உண்மையில் இருக்கிறதா? அந்தப் பிள்ளைக்கு உதவி தேவையா? அனுப்பிய தொகை குறையாமல் கிடைத்ததா? பெயரும் படமும் இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை தருவதில்லை. ஏமாற்ற நினைப்பவருக்கு ஒரு பிள்ளையின் படம் எடுப்பது பெரிய வேலையல்ல. அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்கிற லண்டன்காரர் அதை எங்கே கொண்டுபோய்ச் சரிபார்ப்பார்? நம்பிக்கை வந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். அதற்காகப் பிள்ளை கொடுக்கிற விலை மிகப் பெரியது.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பலர் அதை வெறும் தொடரிலக்கம் என்று நினைக்கிறார்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும். 85 இல் தொடங்கி 561 என்று தொடர்ந்தால், 1985 மார்ச் 1 இல் பிறந்த பெண். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்துத்தான் இந்த எண்ணிக்கை போகிறது. நிரலிலுள்ள வழமையான திகதிக் கணிப்பைப் பயன்படுத்தினால் நெட்டாண்டு அல்லாத வருடங்களில் மார்ச் 2 என்று ஒரு நாள் பிழையாக வரும். ஆக, அந்த இலக்கத்தை வெளியே போட்டால் தாயின் வயதும் பிறந்த நாளும் சேர்ந்தே வெளியே போகின்றன. தொலைபேசியில் யாரோ அழைத்து "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிறந்த திகதி இதுதானே" என்று தொடங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இலக்கத்தை ஹாஷ் செய்து, அதாவது திருப்பி அவிழ்க்க முடியாத ஒரு எழுத்து வரியாக மாற்றி, வைத்தால் போதும் என்று ஒரு யோசனை வரும். போதாது. 100 வருடம், வருடத்துக்கு 366 நாள், ஆண் பெண் என்று இரண்டு, மிச்சமுள்ள நான்கு இலக்கங்களுக்கு 10,000 சேர்க்கை. எல்லாவற்றையும் பெருக்கினால் 73 கோடியே 20 இலட்சம். ஒரு மடிக்கணினி சில நிமிடங்களில் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுவிடும். பிறந்த திகதி தெரிந்தவருக்கு வெறும் 10,000 முயற்சி போதும். இரகசியச் சாவி சேர்த்துச் செய்கிற எச்மாக் முறை இதற்குத் தாக்குப்பிடிக்கும், சாவியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைத்தால். ஆனால் 60 பிள்ளைகளுக்கு அது தேவையேயில்லை. ஒரே பிள்ளை இரண்டு தடவை பதிவாகாமல் பார்ப்பதுதான் நோக்கமென்றால், பள்ளிக்கூடத்தின் பெயரும் சேர்விலக்கமும் போதும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2016 முதல் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டால் அதே ஆளின் புதிய இலக்கம் வரும். ஒரே தாய் பழைய அட்டையோடு ஒரு தடவையும் புதிய அட்டையோடு ஒரு தடவையும் வந்தால் உங்கள் செயலி இரண்டு பேர் என்று எண்ணும். நம்பிச் சேகரித்த இலக்கம் அதற்காகச் சேகரித்த வேலையையே ஒழுங்காகச் செய்யாது. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

பட்டியல் என்பது எங்கள் மண்ணில் சாதாரணமான பொருளல்ல. 1983 யூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழரின் வீடுகளைத் தேடி வந்தன. வாக்களிப்பதற்காக, நல்ல நோக்கத்தோடு தயாரித்த பட்டியல் அது. தயாரித்தவர் நினையாத கையில் அது போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் எத்தனையோ குடும்பப் பதிவுகளுக்குள்ளால் வந்த தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. உதவி வேண்டுமென்பதற்காக அந்தத் தாய்மார் உங்கள் படிவத்தை மறுக்காமல் நிரப்பித் தருவார்கள். மறுக்காததைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். படம் தராவிட்டால் காசு இல்லை என்ற நிலையில் வாங்குகிற கையெழுத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

"ஊருக்குள்ளே எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று செயலாளர் சொல்லக்கூடும். ஊருக்குத் தெரிவது வேறு. ஊர் மறக்கவும் செய்யும், மறைத்துப் பேசவும் தெரியும். இணையத்தில் ஏறிய பெயர், பத்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் தேடலில் மேலே வரும். பக்கத்தை நீங்கள் நீக்கினாலும் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நீக்க முடியாது. லண்டனில் இருக்கிறவர்களிடம் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: அங்கே அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், இலவச மதிய உணவு பெறுகிற பிள்ளைகளின் பட்டியலைப் படத்தோடு வெளியிட்டால் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

சட்டமும் உங்கள் பக்கம். இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பற்றிய தரவைச் சுகாதாரத் தரவோடு சேர்த்து விசேட வகையில் வைத்திருக்கிறது. சங்கத்தின் லண்டன் கிளை அங்கே அறக்கட்டளையாகப் பதிவு செய்திருந்தால் பிரித்தானியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அது பதில் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். ஆனால் இதை முதலாவதாகச் சொல்லாதீர்கள். சட்டத்தைக் காட்டினால் வாய் மூடுவார்கள், மனம் மாறாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் படைப்பாற்றல் பற்றிய கேள்விக்கும் விடை இதற்குள்ளேதான் இருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு இலக்கக் குறியீட்டு எண் ஒன்று கொடுங்கள். பாதுகாப்பான எழுந்தமான எண் உருவாக்கியால் வருவதாக இருக்கட்டும். 001, 002 என்று அகர வரிசையில் கொடுத்தால் ஊரைத் தெரிந்தவர் அரை மணித்தியாலத்தில் யார் யாரென்று அவிழ்த்துவிடுவார். ஆங்கில எழுத்துக் கலக்க வேண்டாம். கையால் எழுதும்போது பூச்சியமும் ஓவும் குழம்பும். ஒரே எண் இரண்டு பேருக்குப் போகாதபடி தரவுத்தளத்தில் தனித்துவக் கட்டுப்பாடு போடுங்கள். வெளிப்பக்கத்தில் தெரிய வேண்டியவை குறியீட்டு எண், தவணை, தொகை, அனுப்பிய திகதி, கிடைத்ததை உறுதிசெய்த திகதி, கீழே மொத்த வரவு, மொத்தச் செலவு, கையிருப்பு. அவ்வளவு போதும். வகுப்பையோ குறிச்சியையோ சேர்த்தால் கவனம். ஒரு குறிச்சியில் உயர்தரம் படிக்கிற ஒரே ஒரு பிள்ளை இருந்தால் பெயர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். எந்தப் பிரிவிலும் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிரிவைத் தனியாகக் காட்டாதீர்கள். தொகையும் காட்டிக்கொடுக்கும். ஒருவருக்கு மட்டும் கூடுதலான தொகை என்றால் அவர் யாரென்று கண்டுபிடிப்பது இலகு. அந்த வித்தியாசத்தைத் தனிப் பரிமாற்றமாகப் பிரித்து, பொதுவான செலவுத் தலைப்பின் கீழ் மொத்தமாகக் காட்டுங்கள்.

இந்த எண் தாய்க்கும் தெரிய வேண்டும். இது முக்கியம். தன்னுடைய எண்ணுக்கு எதிரே 10,000 ரூபா என்று இருந்து, கணக்கில் 8,000 தான் விழுந்திருந்தால் முதலில் கண்டுபிடிக்கப்போகிறவர் அவர்தான். நிர்வாகத்தில் இல்லாத ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தை, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருடையதாக இருக்கலாம், அந்தப் பக்கத்தில் முறைப்பாட்டுக்காகப் போடுங்கள். உதவி பெறுபவரே கணக்கைச் சரிபார்க்கிற இந்த ஏற்பாட்டுக்கு நிகரான காவலை எந்தப் படமும் தராது.

அடுத்தது, பிள்ளை உண்மையில் இருக்கிறதா என்ற கேள்வி. இதற்கு மாதிரிச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு தவணையும் 60 பேரில் 10 பேரை எழுந்தமானமாகத் தெரிவுசெய்து நேரில் போய்ப் பார்ப்பது. பட்டியலில் 6 பெயர் பொய்யென்று வையுங்கள். 10 பேரைப் பார்க்கும்போது அதில் ஒன்றாவது அகப்படுகிற வாய்ப்பு ஏறத்தாழ 68%. ஒவ்வொரு தவணையும் புதிதாகத் தெரிவுசெய்தால், வருடத்தின் மூன்று தவணை முடிய அது 97% அளவுக்குப் போய்விடும். 60 பிள்ளைகளையும் ஊரறிய நிறுத்தாமலே கிடைக்கிற உறுதி இது. நன்கொடையாளர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் அந்த 10 பேரை யார் தெரிவுசெய்வது? நிர்வாகம் தெரிவுசெய்தால் வேண்டியவர்களைத்தான் தெரிவுசெய்தது என்று கதை வரும். அதற்கு வழி இருக்கிறது. குறியீட்டு எண்களும் அவற்றுக்குரிய பிள்ளைகளின் விபரமும் உள்ள கோப்பை முடிவாக்கி, அதன் எஸ்.எச்.ஏ-256 ஹாஷை எடுங்கள். 64 எழுத்துள்ள ஒரு வரி வரும். அந்த வரியையும் வெறும் குறியீட்டு எண்களின் பட்டியலையும் வைபர் குழுவில் போடுங்கள். அதோடு, இன்ன திகதியில் நடக்கிற இன்ன லொத்தர் சீட்டிழுப்பின் வெற்றி இலக்கத்தைப் பயன்படுத்தப் போகிறோம் என்றும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சீட்டிழுப்பு முடிந்ததும், வெற்றி இலக்கத்தோடு ஒவ்வொரு குறியீட்டு எண்ணையும் ஒட்டி ஹாஷ் எடுத்து, விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, முதல் பத்தை எடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிறவரும் தன் கணினியில் அதே கணக்கைச் செய்து அதே பத்து எண்களைக் காண்பார். சீட்டு இழுக்கப்பட்ட பிறகு ஒரு எண்ணுக்குப் பின்னாலுள்ள பிள்ளையை யாரும் மாற்றவும் முடியாது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறும்.

இதில் மூன்று இடத்தில் பிழை வரும். கோப்பை எக்செலில் திறந்து திரும்பச் சேமித்தாலே, நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டாலும், ஹாஷ் மாறிவிடும். வின்டோஸும் லினக்ஸும் வரி முடிவைக் குறிக்கிற விதமும் வேறு. ஆகவே மூலக் கோப்பை வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி வைத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். இரண்டாவது, எண்ணையும் இலக்கத்தையும் எப்படி ஒட்டுவது என்பதைத் துல்லியமாக எழுதுங்கள்: எது முதலில், நடுவில் என்ன குறி, இடைவெளி உண்டா இல்லையா. ஒரு இடைவெளி கூடினாலும் லண்டனில் வேறு பத்துப் பேர் வருவார்கள், சண்டை தொடங்கும். மூன்றாவது, கோப்பின் கடைசியில் நீளமான எழுந்தமான வரி ஒன்றைச் சேருங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் பெரும்பகுதி தெரிந்த ஒருவர் மிச்சத்தை ஊகித்து, ஹாஷோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

பார்க்கப் போகிறவர்கள் இருவர் போதும். ஒருவர் நிர்வாகத்துக்கு உறவில்லாதவர், மற்றவர் நன்கொடையாளர் தரப்புச் சொல்லுகிற ஆள். பனர் கட்டிய வானில் போக வேண்டாம். பிள்ளை இருக்கிறதா, அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறதா, வங்கிப் புத்தகத்தில் தொகை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, குறியீட்டு எண்ணுக்கு எதிரே சரி அல்லது விசாரிக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு வரட்டும். படம் எடுக்க வேண்டாம்.

காசு போனதற்குச் சான்றாக வங்கிக் கூற்றைப் பொருளாளர் குழுவில் போடுவார். அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் குறியீட்டு எண்ணைப் போட்டால் கூற்றிலும் அது வரும், நல்லது. ஆனால் பெயரையும் கணக்கிலக்கத்தையும் மறைக்கிற விதத்தில்தான் தவறு நடக்கிறது. பீ.டி.எப். கோப்பில் கறுப்புப் பெட்டி வரைந்தால் அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கும். பெட்டிக்கு மேலால் தெரிவுசெய்து பிரதியெடுத்தால் வெளியே வந்துவிடும். போனில் மார்க்கர் பேனையால் தடவினால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது பல சமயம் எழுத்துத் தெரியும். பெயரும் கணக்கிலக்கமும் உள்ள நெடுவரிசைகளையே நீக்கிவிட்டுப் புதிதாக அச்சிட்ட கூற்றை அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் செயலியே அந்த அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கட்டும்.

இனிப் படிவம். வழமையான படிவங்களில் "தந்தை: உயிருடன் உள்ளார் / இறந்துவிட்டார்" என்று இரண்டு தெரிவு இருக்கும், அதுவும் கட்டாயக் கட்டமாக. வடக்கில் இந்தக் கட்டம் கொடுமையானது. கணவனைத் தேடிக்கொண்டே இருக்கிற ஒரு பெண்ணை, பிள்ளையின் கொப்பிக் காசுக்காக "இறந்துவிட்டார்" என்பதைத் தொடச் சொல்கிறோம். அவர் அரச அலுவலகத்திலேயே மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவராக இருப்பார். காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழுக்குச் சட்டமே 2016 இல் இடம் கொடுத்தது, இந்த வேதனை காரணமாகத்தான். உங்கள் படிவம் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாமா? மூன்றாவதாக "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்ற தெரிவைச் சேர்ப்பதும் தீர்வல்ல. அது இன்னும் ஆபத்தான தரவு. சங்கத்துக்கு உண்மையில் தெரிய வேண்டியது, பிள்ளையை யார் பார்க்கிறார்கள், காசை யாருடைய கணக்கில் போடுவது என்பது. "பொறுப்பாளர் பெயர்", "பிள்ளைக்கு என்ன உறவு" என்று இரண்டு கட்டம் போதும். தேவையை உறுதிப்படுத்துவதைக் கிராம அலுவலரோ அதிபரோ நேரில் செய்யட்டும். செயலியில் "உறுதிசெய்யப்பட்டது, திகதி" என்ற பதிவு மட்டும் இருக்கட்டும். காரணம் அதில் ஏற வேண்டியதில்லை.

பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். எங்களுக்குத் தலையெழுத்தும் பெயரும்தான். தலையெழுத்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஆளுக்கொரு மாதிரி நிரப்புவார்கள், பிறகு வங்கிப் பெயரோடு பொருந்தாமல் காசு திரும்பி வரும். வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி முழுப்பெயர் என்று ஒரே கட்டம், அழைக்கும் பெயர் என்று இன்னொன்று. சேமிக்கும்போது, ஒரே எழுத்தை எப்போதும் ஒரே மாதிரிக் குறியாக வைக்கிற யூனிகோட்டின் என்.எப்.சி. முறைக்கு மாற்றிச் சேமியுங்கள். கொ, கோ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ போட்டுப் பிறகு கால் சேர்த்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. "கோபிகா" என்று தேடினால் கோபிகா வரமாட்டாள். சங்கத்தின் பழைய பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் மாற்றியால் மாற்றிய பிறகு 60 பெயரையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். ஒரே கலத்தில் ஆங்கிலத் தலையெழுத்தும் பாமினியும் கலந்திருந்தால் தலையெழுத்து வேறு தமிழ் எழுத்தாக மாறிப்போகும்.

குறுஞ்செய்தியிலும் ஒரு விடயம். தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். 70 அலகுதான், கூடினால் 67 அலகுத் துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் காசு. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி அலகாக எண்ணப்படும். "யாழ்ப்பாணம்" கண்ணுக்கு ஆறெழுத்து, கணக்குக்கு 11. காசைவிடப் பெரிய விடயம், அந்தப் போன் வீட்டில் யாருடைய கையில் இருக்கும் என்பது. பூட்டிய திரையிலேயே "வறிய மாணவர் உதவித்தொகை" என்று ஒளிர்ந்தால், ரியூசனில் பக்கத்து மேசையில் இருப்பவரும் வாசிப்பார். "482913: தவணை 2 பணம் அனுப்பப்பட்டது." இது 35 அலகு. தேவையானது எல்லாம் இருக்கிறது.

அனுமதிகளை இறுக்கமாக வையுங்கள். வங்கி விபரம் பொருளாளருக்கும் இன்னொருவருக்கும், பிள்ளைகளின் விபரம் இணைப்பாளருக்கு, நன்கொடையாளர்களுக்கு வெளிப்பக்கம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் அன்றிரவே பழையவர்களின் நுழைவை எடுத்துவிட வேண்டும். யாரும் கோபிக்காதபடி இதை இப்போதே யாப்பில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் "நீக்கும் திகதி" என்ற கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். பிள்ளை திட்டத்தை விட்டு, அந்த வருடக் கணக்காய்வு முடிந்ததும் பெயரும் விலாசமும் அழியட்டும். குறியீட்டு எண்ணும் தொகையும் கணக்குக்காக இருக்கட்டும். காப்புப் பிரதிகளிலிருந்தும் அழிகிறதா என்று பாருங்கள். அதைத்தான் எல்லாரும் மறப்பது.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் உண்மையான பிள்ளைகளின் பட்டியலை அதற்குள் ஒட்டாதீர்கள். சோதனைக்குக் கற்பனைப் பெயர்கள் போதும். அது எழுதித் தருவதில் இரண்டு குறை திரும்பத் திரும்ப வரும். முதற்பெயர், குடும்பப்பெயர், தந்தை பெயர் கட்டாயம் என்று உலகப் பொதுவான படிவத்தைத் தரும். மற்றது, உள்நுழைந்தவர் யாரென்று பார்க்கும், ஆனால் அவர் இந்தப் பதிவைப் பார்க்கலாமா என்று பார்க்காமல் விட்டுவிடும். இணைப்பாளராக உள்நுழைந்து, முகவரியின் முடிவிலுள்ள எண்ணை மாற்றி, பொருளாளருக்கு மட்டுமான பக்கத்தைத் திறக்க முயலுங்கள். மறுக்க வேண்டும். திறந்தால், அந்தச் சரிபார்ப்பை சேர்வர் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். திரையில் பொத்தானை மறைப்பது பாதுகாப்பல்ல.

மேலே சொன்ன லொத்தர் ஏற்பாட்டையும், தாயின் கையில் குறியீட்டு எண்ணையும், தந்தை பற்றிய கட்டத்தை எடுத்துவிடுவதையும் எந்த இயந்திரமும் தானாக வந்து உங்களிடம் சொல்லாது. கேட்டால் எழுதித் தரும். எதைக் கேட்பதென்று தெரிய, ஊரும் தெரிய வேண்டும், கணினியும் தெரிய வேண்டும், அந்தத் தாயின் முகமும் மனதில் இருக்க வேண்டும். உங்கள் படைப்பாற்றல் அங்கேதான் இருக்கிறது, தங்கச்சி. அது குறைந்துபோகவில்லை; வரிகளைத் தட்டுகிற சுமை குறைந்ததால் அதற்கு இப்போது கூடுதல் நேரம் கிடைத்திருக்கிறது.

கூட்டத்துக்குப் போகும்போது வெறும் மறுப்போடு போகாதீர்கள். கற்பனைத் தரவோடு வெளிப்பக்கத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, லண்டனில் உள்ள ஒருவருக்கும் ரொறன்ரோவில் உள்ள ஒருவருக்கும் முதல்நாளே அனுப்பி, இதைப் பார்த்தால் உங்கள் காசு எங்கே போனதென்று தெரிகிறதா என்று கேளுங்கள். அவர்களே கூட்டத்தில் பேசுவார்கள். செயலாளரின் மரியாதையும் கெடாது. எழுதுவதற்கு முன் உதவி பெறுகிற நான்கைந்து தாய்மாரிடமும் தாளில் வரைந்த படிவத்தைக் காட்டுங்கள், நிர்வாகத்தினர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில். எந்தக் கட்டத்தில் அவர்களுடைய பேனை தயங்குகிறதோ அந்தக் கட்டத்தை மறுபடி யோசியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயரும் படமும் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்தப் பக்கத்தை நான் எழுதமாட்டேன் என்று காரணத்தோடு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மற்ற வேலையை முடித்து, கடவுச்சொற்களை ஒப்படைத்து, உங்கள் கணினியிலுள்ள பிரதியை அழியுங்கள். சண்டை வேண்டாம், ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

ஒன்றை மட்டும் கூட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு இந்தத் தரவு எக்செல் கோப்பாகத்தான் வந்திருக்கும், வாட்சப்பிலோ, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட கூகிள் ஷீட்டாகவோ. இன்றைக்கே அந்த ஷீட்டின் அனுமதியை மூடுங்கள். யார் யாருக்கு அனுப்பப்பட்டதென்று செயலாளரிடம் கேட்டு, ஒவ்வொருவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள். படங்கள் வாட்சப்பில் படமாக வந்திருந்தால் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். விபரம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். ஆவணமாக அனுப்பப்பட்டிருந்தால் வீட்டின் இருப்பிடம் அதற்குள்ளேயே இருக்கும். அவற்றை முதலில் தேடுங்கள்.